உமிச்சாம்பல் பூசிய அடுப்பு

கும்மிடிப்பூண்டி,
அக்டோபர் 14.

அன்பு மகன் ஸ்டீபனுக்கு அம்மா ரோசம்மாள் எழுதுவது. மாதா துணையால் நானும் உன் தங்கச்சி ஷைனியும் நன்றாக இருக்கிறோம். அங்கே வெயிலில் தலையில் துணி கட்டாமல் வேலை செய்யாதே. வசந்தகுமார் லீவு முடிந்து நாளை மஸ்கட் திரும்புகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் கருவாட்டையும் கொடுத்து அனுப்புகிறேன். இது போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அந்தப் பேரை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். இதையாவது கடைசிவரை படி.

பேக்கரியில் என்னை வேலையை விட்டு நிறுத்திய பிறகு, கொல்லையில் செங்கல்லும் களிமண்ணும் வைத்து ரொட்டி அடுப்பு கட்டினோம் என்று சொன்னேன் அல்லவா. அது சரியாக வரவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் விறகு எரித்தாலும் முதல் தட்டு பன் வெந்ததும் சூடு போய்விடும். இரண்டாவது தட்டு நடுவில் மாவாகவே இருக்கும். சூடெல்லாம் வெளிச்சுவருக்கு வந்துவிடும். போன மாதம் ஷைனியின் முழங்கை அதில் பட்டுத் தோல் உரிந்துவிட்டது. பயப்படாதே, ஆறிவிட்டது. அன்றைக்கே மேலே போட்டிருந்த கீற்றும் பற்றிக்கொண்டது. தண்ணீர் ஊற்றி அணைத்தோம்.

புகையைப் பார்த்து ஓடி வந்தவர்களில் பாக்கியராஜும் இருந்தான். இரும்பு உருக்கும் உலை வெடித்து உன் அப்பா போனதற்கு இவன்தான் காரணம் என்று கம்பெனி எழுதி விஷயத்தை மூடியதே, அதே பாக்கியராஜ். மற்றவர்கள் உள்ளே வந்தார்கள், அவன் வேலிக்கு வெளியிலேயே நின்றான். மறுநாள் காலை திரும்ப வந்து ஷைனியிடம், "அடுப்புக்கு மேல போர்வ மாரி ஒண்ணும் இல்லம்மா, அதான் சூடு ஓடுது. அம்மா சரின்னா நான் செஞ்சி குடுக்கறேன்" என்றானாம். நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல வாய் வரவில்லை.

பொன்னேரி ரைஸ் மில்லிலிருந்து நாலு மூட்டை உமிச்சாம்பல் கொண்டு வந்தான். கம்பெனியில் உருக்கின இரும்பு ஆறாமல் இருக்க அதன் மேல் இதைத்தான் தூவுவார்களாம். அப்பாவின் சட்டையில் அந்தச் சாம்பலை எத்தனையோ நாள் துவைத்திருக்கிறேன். அது இன்னதென்று இப்போதுதான் தெரிந்தது. அடுப்பைச் சுற்றிக் கோழி வலை கட்டி, சாம்பலைக் களிமண்ணோடு குழைத்து, அரை அடி கனத்துக்குக் கையாலேயே அப்பினான். மூன்று நாள் வேலை. குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நானே டீ கொண்டுபோய் வைத்தேன்.

நாளைக்கே பெரிய தீ போட்டுப் பார்க்கலாமா என்று ஷைனி கேட்டாள். "கூடாதும்மா, உள்ள ஈரம் இருக்கசொல்ல தீ வெச்சா வெடிச்சிடும்" என்றான். சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான். ஷைனி முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் தரையில் உட்கார்ந்தான். என்னைப் பார்க்காமலே பேசினான். "அன்னிக்கி உருக்க வந்த பழைய இரும்பு ஸ்கிராப்பு மழையில நனைஞ்சது அண்ணி. ஈரமா கீதுன்னு சூப்பர்வைசர்கிட்ட ஒரு வாட்டி சொன்னேன். உலையில போடுன்னாரு. ரெண்டாவது வாட்டி சொல்லல. வேல பூடும்னு பயந்துகினு இருந்துட்டேன். அண்ணன் உலையாண்ட நிக்கறதும் தெரியும். என் கைதான் போட்டுச்சி."

இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள் என்றான். அவனைக் கேட்க இரண்டு வருஷமாக எத்தனையோ வார்த்தை வைத்திருந்தேன் ஸ்டீபன். டீ ஆறுது, குடி என்றுதான் சொன்னேன்.

அதற்கப்புறம் பன்னிரண்டு நாள், கொத்து வேலை முடித்து வந்து தினமும் நாலு சுள்ளி மட்டும் வைத்து ஈரத்தை வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து முதல் முறையாக முழுத் தீ போட்டோம். நாலு தட்டும் ஒரே மாதிரி வெந்தது. வெளிச்சுவரில் ஷைனி கையை வைத்துப் பார்த்தாள், சுடவே இல்லை. கிறிஸ்துமஸ் கேக்குக்கு இப்போதே கேட்கிறார்கள்.

அவன் வீட்டுக்குப் பன் கட்டிக் கொடுத்தேன். வாங்கவில்லை. கல்லறைத் திருநாளன்று அண்ணனுக்கு ஒரு மெழுகுவத்தி வைக்கலாமா என்று மட்டும் கேட்டான்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் நீ அவன் சட்டையைப் பிடித்துத் தள்ளி, இந்த கேட்டுக்குள் காலை வைக்காதே என்றாய். அவன் வைக்கவே இல்லையாம். போன வருஷம் அவனுடைய அம்மா செத்தபோதுகூட கேட்டுக்கு வெளியில் நின்று அனுப்பிவிட்டுத் திரும்பினானாம். அவன் மனைவி சாராள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீ அன்றைக்குச் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து அப்பா முகத்தைப் பார்க்கக்கூட உன்னை விடவில்லை. நீ என்ன சொல்லியிருந்தாலும் தகும். பக்கத்தில் நின்ற நானும் தடுக்கவில்லை. இப்போது நானே அவனை வா என்று சொல்லிவிடலாம், அவனும் வருவான். ஆனால் அது நீ சொன்ன சொல், நீயேதான் திரும்ப எடுக்க வேண்டும்.

திருநாளுக்குப் பத்தொன்பது நாள் இருக்கிறது. ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எழுத முடியாவிட்டால் அதற்காக மனசை வருத்திக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ எதைச் செய்தாலும் என் பிள்ளைதான்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து,
அம்மா
ரோசம்மாள்