கட்டில் ஆர்டரும் கட்டப்பனை போனும்

காமயகவுண்டன்பட்டி,
புதன்கிழமை.

சினேகா அப்பாவுக்கு ராமுத்தாய் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். கட்டப்பனையில் மழை விடாமல் பெய்வதாகச் சொல்கிறார்கள். ஈரத்தில் நின்று வெல்டிங் வைக்காதீர்கள்.

கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள். நீங்கள் தினமும் திட்டிய அந்த அரசாங்க வெப்சைட்டில் நமக்கு ஆர்டர் வந்துவிட்டது. பெண்கள் விடுதிக்கு இருபது இரும்புக் கட்டில். உள்ளூர்ச் சிறுதொழிலுக்கு முன்னுரிமை என்ற விதியை வைத்து வார்டன் நாகஜோதி நம்மைத் தேடிப் பிடித்திருக்கிறார். விடுதி நம் பட்டறைக்குக் கூப்பிடு தூரம். முன்பெல்லாம் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது பக்கத்துத் தெருவில் கட்டில் வாங்க அந்த அம்மா ஒரு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

ஆர்டரை ஏற்றுக்கொண்டோம் என்று அதே வெப்சைட்டில் நாம் சொல்ல வேண்டும். அதற்கு ஓடிபி வேண்டும். அது உங்கள் போனுக்குத்தான் வரும். நம்பரை மாற்றிவிடலாம் என்று இ-சேவை மையத்துக்குப் போனேன். மாற்றுவதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வருமாம். இதை யோசித்த புண்ணியவானை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.

உங்களுக்குப் போன் போட்டால் மணியே அடிக்கவில்லை. மையத்தில் இருக்கும் சசிதரன், நீங்கள் என்னை பிளாக் பண்ணியிருப்பீர்கள் போலிருக்கிறது என்று குரலைத் தணித்துச் சொன்னான். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. பிறகு அவன் தன் போனில் கூப்பிட்டான். எடுத்தீர்கள். ஓடிபி என்ற சொல்லைக் கேட்டதும், "எங்க வீட்டுக்காரி சொல்லியிருக்கா, ஓடிபி கேக்குறவன் பூராம் திருடன்னு" என்று வைத்துவிட்டீர்கள். அவன் நம்பரையும் பிளாக் செய்துவிட்டீர்கள். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சைக் கேட்டு நீங்கள் நடந்தது அந்த ஒரு தடவைதான்.

நேற்று நாகஜோதி வீட்டுக்கே வந்தார். "யக்கா, வெள்ளிக்கிழமையோட ஆர்டர் தானா ரத்தாயிரும். அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல" என்றார். பிள்ளைகள் தரையில் படுக்கிறார்கள். போன வாரம் ஒரு சின்னப் பெண்ணைப் பூரான் கடித்து, காது வீங்கிக் கிடக்கிறாள்.

பட்டறையை நான் திறந்துவிட்டேன். நம் பட்டறைப் பையன் முத்துப்பாண்டி பைப் அறுத்துத் தருகிறான், நான் பற்ற வைக்கிறேன். நான்கு கட்டில் முடிந்தது. உங்கள் ஒட்டு கண்ணுக்கே தெரியாது. என்னுடையது பாகு வழிந்து உறைந்த மாதிரி இருக்கிறது. ஆனால் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. பூரான் கடித்த பிள்ளைக்கு ஒன்றையாவது கொடுக்கலாம் என்று தூக்கிக்கொண்டு போனோம். ஆர்டர் ஏற்காமல் உள்ளே வைக்க முடியாது என்று நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். தெருவே பார்க்கத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

ஊர்க்காரனுக்கு முன்னுரிமை என்று சட்டம் போட்டு, ஊர்க்காரன் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லித்தானே என்னோடும் சண்டை போட்டு ஷட்டரை இறக்கிவிட்டுப் போனீர்கள். இந்த ஒரு வாரமாக எனக்கும் அதுதான் வாயில் வருகிறது. ஆனால் அந்தச் சட்டம் நம் கைக்கு இறங்கி வந்த நேரம் பார்த்து நீங்கள் மலையேறி உட்கார்ந்துகொண்டால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் குருசாமி அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் ஜீப் திரும்பும்போது முன் சீட்டு உங்களுக்கு. எத்தனை மணியானாலும் மையத்தைப் பூட்டாமல் காத்திருப்பதாகச் சசிதரன் சொல்லியிருக்கிறான். கோபம் தீரவில்லை என்றால் போனில் வரும் ஓடிபியை அவனிடம் சொல்லிவிட்டு விடியற்காலையில் அதே ஜீப்பில் திரும்பிப் போய்விடுங்கள். நான் தடுக்க மாட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வாருங்கள்.

சுருளியாண்டவர் உங்களைப் பத்திரமாக மலையிறக்கிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ராமுத்தாய்