அக்காவின் பங்குச் சோறு

என் பிரியமுள்ள அக்கா செபமாலைக்கு,

உனக்கு எழுதுவதை ஊரெல்லாம் படிக்கும்படி அச்சில் போடுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. நீ மடத்தில் சேர்ந்த நாள் முதல் நான் போட்ட ஒவ்வொரு கடிதத்தையும் மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன் கையில் கொடுத்தார்கள். நாம் இருவர் மட்டும் படிக்கிற கடிதம் எழுதும் பழக்கம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிற்று.

உன்னை அடக்கம் செய்து ஒரு மாதமாகிறது. கல்லறைச் சிலுவையில் சிஸ்டர் அலோய்சியஸ் என்று எழுதியிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த சர்க்கார் ஆபீசில் ஒருவன் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தவேண்டுமென்றால் காகிதம் மூன்று மேஜைகளைத் தாண்டவேண்டும். அதில் நெடுங்காலம் நகராத மேஜை என்னுடையது. மடத்திலோ ஒரு பாட்டுப் பாடி முடிவதற்குள் உன் பெயர் முழுவதையும் எடுத்துவிட்டு ஓர் ஆண் புனிதரின் பெயரை வைத்துவிட்டார்கள். அம்மாவுக்குக் கடைசிவரை அது வாயில் நுழையவில்லை. 'அவ எப்படி இருக்கா?' என்றுதான் கேட்பாள். அவள் செத்தபோது உனக்கு வீட்டுக்கு வர அனுமதி இல்லை. நீ மடத்துக் கோவிலில் முழந்தாளிட்டிருந்தாய் என்று பிறகு சொன்னார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு உன்னைப் பார்க்கலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்திலும் அதுவும் கிடையாது. சந்திப்பு அறையில் நீ ஒரு நாற்காலி, நான் ஒரு நாற்காலி, ஊசிநூலோடு இன்னொரு சிஸ்டர் மூலையில் ஒரு நாற்காலி. அந்த அம்மாளுக்காக உன்னை 'நீங்க' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டேன்.

"நல்லா சாப்பிடறீங்களா?"

"நல்லா சாப்பிடறோம்."

"உடம்பு எப்படி?"

"சுகமா இருக்கோம்."

தம்பி கேட்பான், மடம் பதில் சொல்லும். ஆனாலும் அக்கா, என் மனைவி போன பிறகு, மைசூரில் என்னை யாராவது ஏதாவது கேட்டார்கள் என்றால் அது அந்த அறையில்தான். 'சட்டைக்குப் பொத்தான் போயிருக்கே' என்பாய். அடுத்த மாதம் தைத்துக்கொண்டு வந்து காட்டுவேன்.

நீ போன மூன்றாம் நாள், வேறு எங்கே போவது என்று தெரியாமல் மடத்துக்குப் போனேன். வாசல் மணி அடித்தேன். வாசல் பார்க்கும் சிஸ்டர் கத்ரீனை உனக்குத் தெரியும், அவர் பேச்சில் பாதி கன்னடம். "ஸ்வல்ப இருங்க, மதர் உங்களைப் பாக்கணும்னு சொன்னாங்க" என்று உட்காரவைத்துவிட்டுப் போனார்.

மதர் வந்தார்கள். பிரான்ஸில் பிறந்து, புதுச்சேரியில் ஜெபப் புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் கற்றவர்கள். அவர்கள் வாயில் கத்திரிக்காய் விலையும் சுவிசேஷம் மாதிரிதான் வரும். அவர்கள் சொல்லித்தான் அந்த வழக்கம் எனக்குத் தெரிந்தது. ஒரு சிஸ்டர் இறந்தால் ஒரு மாதம் சாப்பாட்டு மேஜையில் அவள் இடம் அவளுக்கே. சின்னச் சிலுவை ஒன்றை வைத்து, தட்டு வைத்து, எல்லோருக்கும் பரிமாறுவதை அதிலும் பரிமாறி, அப்படியே எடுத்து ஓர் ஏழைக்குக் கொடுப்பார்கள்.

"அந்த ஏழை நீரே" என்றார்கள் மதர்.

நான் தலைப்பாகையும் கோட்டுமாக நின்றுகொண்டிருந்தேன். "மதர், எனக்குப் பென்ஷன் வருது."

"அதை நாம் கேட்கவில்லை. நீர் யாரோடே போசனம் பண்ணுகிறீர்?"

"யாரோடயும் இல்லை."

"ஆனபடியால் நீர் தரித்திரர்."

மகாராஜாவின் சர்க்காரில் நான் போட்ட விண்ணப்பம் எதுவும் இவ்வளவு சீக்கிரம் தீர்மானமானதில்லை.

மறுநாள் மத்தியானம் வராந்தாவில் உட்கார்ந்தேன். சிஸ்டர் கத்ரீன் உன் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். வாசற்படிக்குக் கீழே ஒரு கிழவி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாரக்கா. கௌதள்ளிப் பக்கத்திலிருந்து எப்போதோ பிழைக்க வந்தவள். தினமும் மடத்துக் கஞ்சிக்கு வருகிறவள். உள்ளே முதியோர் இல்லத்தில் கட்டில் தருகிறோம் என்று நீயே எத்தனையோ தடவை கூப்பிட்டாயாம். வெற்றிலை புகையிலை கூடாது என்றதால் வெளியிலேயே இருந்துவிட்டாளாம்.

"ஏனுங்க, அது எனக்கு வரவேண்டிய சோறுங்க" என்றாள்.

"என்னம்மா?"

"இதுக்கு முன்னால மூணு சிஸ்டருங்க செத்தாங்க. மூணு பேர்த்து சோத்தையும் நான்தானுங்க தின்னேன். கூடைச் சிஸ்டருதும் எனக்குத்தான்னு இருந்தேன். கோட்டுப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்துபோட்டீங்க!"

கூடைச் சிஸ்டர் என்றால் நீ என்று புரிந்தது. நான் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். சிஸ்டர் கத்ரீன் தடுத்துவிட்டார். விதியில் ஓர் ஏழை என்றுதான் இருக்கிறதாம், இரண்டு அரை ஏழை என்று இல்லையாம். மதர் யாரைச் சொன்னார்களோ அவர்தான் முழுவதும் சாப்பிடவேண்டும்.

சாப்பிட்டேன். ஜன்னலுக்கு உள்ளே நாற்பது பேர் வாய் பேசாமல் சாப்பிட, ஒரு சிஸ்டர் பிரெஞ்சில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். தட்டில் ஓர் உருண்டை ராகிக் களி. பக்கத்தில் பெயர் சொல்ல முடியாத ஒரு குழம்பு. அதில் மிதந்த கத்திரிக்காய் ஏற்கனவே இரண்டு நாள் மார்க்கெட்டில் வெயில் பார்த்தது. உப்பைச் சமையற்கட்டில் யாரோ ஜாடையாகக் காட்டிவிட்டு எடுத்துப் போயிருக்கவேண்டும். இதையா அக்கா, நல்லா சாப்பிடறோம் என்று அத்தனை வருஷமும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்? பொய் சொன்னாயா, அல்லது உனக்கு இது நிஜமாகவே நன்றாக இருந்ததா?

அந்தக் கத்திரிக்காய் வந்த வழியையும் போய்ப் பார்த்தேன். அனாதைப் பிள்ளைகளுக்கும் கிழவர்களுக்குமாக விற்காத காய்கனி கேட்டு நீ கூடையோடு வாரந்தோறும் நடந்த தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டுக்கு. நஞ்சன்கூட்டு ரசவாழை விற்கிறவர் ஒருவர், கறுத்துப்போன சீப்பைத் தனியே எடுத்து வைத்திருந்தார்.

"இது யாருக்கு?"

"கூடைச் சிஸ்டருக்கு. போன வாரமும் வரலை, இந்த வாரமும் வரலை."

"அவங்க இறந்துட்டாங்க. என் அக்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சிஸ்டருங்களுக்குத் தம்பியெல்லாம் இருக்குமா சாமி?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, அந்தச் சீப்பை உள்ளே வைத்துவிட்டு நல்ல பழமாக ஒரு சீப்பு எடுத்துக் கொடுத்தார். மடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். இப்போது கூடை தூக்குகிற சின்ன சிஸ்டருக்கு மார்க்கெட்டின் வழியும் தெரியவில்லை, வசவும் தெரியவில்லை. நீ இரண்டையும் அறிந்தவள் என்று அங்கே சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த செபமாலைக்கு வசவே தெரியாது.

மாரக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் பங்கை நான் தின்பது நியாயமாகப் படவில்லை. ஆகவே இரண்டாம் நாளிலிருந்து வீட்டில் எனக்கு ஆக்கும் சோற்றைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். விதியில் இதற்குத் தடை இருக்கிறதா என்று சிஸ்டர் கத்ரீன் யோசித்துப் பார்த்தார், அகப்படவில்லை. உன் சோற்றை நான் மேலே உட்கார்ந்து தின்றேன். என் சோற்றை அவள் கீழே உட்கார்ந்து தின்றாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"ரசத்துல புளியக் கரைச்சீங்களா, புளியில ரசத்தக் கரைச்சீங்களா?"

"நல்லா இல்லேன்னா வச்சிடுங்க."

"வெச்சுப்போட்டு? பசிக்குதில்லைங்க! இத்தனை நாளு இதைத்தான் ஒத்தையா உக்காந்து தின்னீங்களா? பாவம் போங்க."

மைசூரில் யாரும் என்னைப் பார்த்துப் பாவம் என்று சொன்னதில்லை, அக்கா. மறுநாள் புளியைக் குறைத்தேன்.

அவள் உன்னைப் பற்றிச் சொல்லுவாள். கால் புண்ணில் புழு வைத்தபோது நீ மருந்துச்சாலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாயாம். அவள் கத்தக் கத்த, 'இன்னும் சத்தமாக் கத்து, மதருக்குக் கேக்கட்டும், ஒரு கட்டில் உனக்கு எழுதிடுவாங்க' என்றாயாம். இந்தப் பேச்சை ஏன் முதல் ஞாயிறுகளில் எனக்கு ஒரு வாய் கொடுக்கவில்லை? மூலையில் இருந்த அம்மாளும் சிரித்திருப்பாளே.

இன்று மாதம் முடிந்தது. சிஸ்டர் கத்ரீன் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. உன் சிலுவையை எடுத்துவிட்டு, பக்கத்து சிஸ்டரை உன் இடத்துக்கு நகர்த்துகிறார்கள். நாற்பது பேர் நகர்ந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறாய்? நான் கை கழுவி வருவதற்குள் முடிந்துவிட்டது.

எழுந்திருக்க மனம் வரவில்லை. நாளை இங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. மணி அடித்தால் சிஸ்டர் கத்ரீன் என்ன என்று கேட்பார், நான் என்ன சொல்வேன்?

மாரக்கா தூக்குப் பாத்திரத்தைக் கழுவி என்னிடம் நீட்டினாள். "நாளைக்கு எங்கீங்க திம்பீங்க?"

"வீட்டுலதான்."

"அப்ப நாளைக்கு எனக்குப் பாத்திரம் வராதுங்களா?"

நான் பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். அவளே சொன்னாள். "நானே அங்க வந்துபோடறேன். எந்தச் சந்துன்னு சொல்லுங்க."

"ஊர்ல என்ன பேசுவாங்கம்மா?"

"எனக்குப் பல்லு இல்ல, உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியல. பேசறவன் பேசிட்டுப் போறான். ரெண்டு பேரு சோத்துக்கு முன்னால உக்காந்தா அதுல என்னங்க? ஆனா ஒண்ணு, சாப்பிட்டு நான் வெத்தலை போடுவேன். உங்க வீட்டுல அது ஆகாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க."

ஆகும் என்று சொன்னேன். வழியில் கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி வாங்கினேன். நல்ல வெற்றிலை எது என்று எனக்குத் தெரியாது, கடைக்காரன் சிரித்தான்.

இதை எழுதும்போது உட்காரும் பலகை ஒன்றை எடுத்துத் துடைத்து எனக்கு எதிரே போட்டிருக்கிறேன். உட்கார அவளுக்குச் சௌகரியமாக இருக்குமா, இல்லை சுவரோரம் போடவேண்டுமா? இதெல்லாம் கேட்க நீ இல்லை. நாளை அவளையே கேட்டுக்கொள்கிறேன். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன்: அவள் வருகிறவரை, பசித்தாலும், நான் சோற்றில் கை வைக்கமாட்டேன்.

செபமாலையின் ஒரே தம்பி,
சவரிமுத்து