தப்பான விடைக்கு மணிச் சத்தம்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து சாரல். குடை காயவில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் வரை பஸ்ஸில் நின்றபடி. அருவிக்கூட்டம்.

முதியோர் எழுத்தறிவு வகுப்பு. ஆறு கம்ப்யூட்டர், நான் எழுதிய புரோகிராம். சரியான எழுத்தைத் தொட்டால் பச்சை. தப்பென்றால் மணிச் சத்தம், மறுபடி முதலிலிருந்து. நான் கம்ப்யூட்டர் கற்றதும் இப்படித்தான். தப்பு, மறுபடி, தப்பு, மறுபடி. யாரும் சொல்லித்தரவில்லை.

இன்று நான்கு பேர். பேச்சியம்மாள் மூன்று வாரமாக வரவில்லை. லாட்ஜில் அறை கூட்டுகிறவள், நாற்பத்தைந்து வயது. பாதி எழுத்து தாண்டியிருந்தாள்.

ஜூலை 9
வகுப்புப் பொறுப்பாளர் கோமதி டீச்சர். பி.எட். படித்தவர். இன்று கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டார். பெண்கள் கடைப்பலகைகளைப் போனில் படம் எடுத்துவந்து, கூடி உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஒரே சிரிப்பு.

"இது என்ன கூத்து?" என்றேன்.

"திரும்பத் திரும்பச் செஞ்சாத்தான் படிப்பு வரும்னு நீங்க நினைக்கிய. அதுக்கேத்த மாதிரி புரோகிராம். ஆளுக தெரிஞ்சத வச்சுத் தெரியாததத் தாங்களே கண்டுக்கிடுவாங்கன்னு நான் நம்புதேன். அதான் போனு."

"தப்ப யாரு திருத்துவா?"

"பக்கத்துல இருக்கவ திருத்துவா, அண்ணாச்சி."

அந்தக் கொள்கையையும் ஆங்கிலத்தில் படித்திருக்கிறேன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒப்பவில்லை.

ஜூலை 11
கண் சொட்டு மருந்து தீர்ந்தது. செருப்பு வாரும் அறுந்தது.

இன்று மறுபடி கம்ப்யூட்டர். வகுப்பில் காதில் விழுந்தது. மாரியம்மாள் பக்கத்துப் பெண்ணிடம்:

"பேச்சி எப்படிட்டி வருவா? லாட்ஜு மேனேஜரு அடிக்கிற மணி மாதிரியே இருக்குல்லா இந்தச் சத்தம். ரூமுல ஒரு முடி கெடந்தா மணிய அடிச்சுக் கூப்புட்டு, எல்லாரு முன்னாலயும் ஏசுவான். இங்கன வந்தும் அதே மணியான்னு அழுதா."

புரோகிராம் எழுதும்போது ஐந்து சத்தம் கேட்டுப் பார்த்தேன். உறைக்கிறது எதுவோ அதை எடுத்தேன்.

ஜூலை 12
சத்தத்தை நீக்கினேன். இரண்டு நிமிட வேலை. இதற்காக ஒருத்தி மூன்று வாரம் வரவில்லை. கோ. டீச்சரிடம் சொல்லவில்லை. 'முதலிலிருந்து' அப்படியே இருக்கிறது. அதில் தப்பில்லை.

ஜூலை 13, ஞாயிறு
லாட்ஜ் பின்வாசல். பேச்சியம்மாள் விரிப்பு உதறிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சியா! குளிக்க வந்தியளோ?"

"அந்த மணிய எடுத்துட்டேன். நாளைக்கு வா, பேச்சி."

கையைத் துடைத்துப் போனை எடுத்தாள். மாரி அனுப்பிய படம், எண்ணெய்க் குளியல் பலகை.

"வாசிக்கட்டா?"

விரலை வைத்து வைத்து வாசித்தாள். "எண்... ணெய்... தேய்ச்சு விடுவாங்க!"

பலகையில் 'தேய்க்கப்படும்'. முதல் இரண்டு எழுத்து பார்த்து மீதியை ஊகித்திருக்கிறாள். பொருள் சரி. முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை நாளில் நான் பார்க்காத சிரிப்பு.

"தப்பு," என்றேன். வாய் முந்திவிட்டது.

போனை இடுப்பில் செருகினாள். "மாடியில வேல கெடக்கு, அண்ணாச்சி. பாத்துப் போங்க."