இரண்டாவது சாவி

அன்புள்ள அம்மாவுக்கு, அல்மாட்டியிலிருந்து பெர்மெத் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நம்மூர் நாரினில் பனி இறங்கிவிட்டதா? நான் நலம்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. ஞாயிறன்று தலைக்குக் குளித்துவிட்டுத் தேநீர் ஊற்றும்போது, முன்பின் தெரியாத ஒரு கணவனும் மனைவியும் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள். என் வீடு காலி என்று தப்பாக நினைத்து, வீட்டுத் தரகர் ஜனார் அக்கா, வாடகைக்குப் பார்க்க வந்தவர்களிடம் சாவியைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். பாவம், என்னைவிட அவர்கள்தான் பயந்துபோனார்கள். வாசல் தாண்டியவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? ரொட்டியைப் பிட்டுக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

உடனே ஜனார் அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"நல்லவங்கதானே வந்தாங்க, அதுக்குப் போய் இந்தக் குதி குதிக்கிறே?" என்றாள்.

"இன்னும் எத்தனை பேர்கிட்ட என் வீட்டுச் சாவி இருக்கு?"

போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, மறுநாளே புதுப் பூட்டு வாங்கி நானே மாட்டினேன். மாலையில் அவளே வந்து நின்றாள்.

"ஒரு சாவி எங்கிட்ட இருக்கணும். அதுதான் வழக்கம்."

ரொட்டித் தட்டை நீட்டினேன். "இதுவும் வழக்கம்தான் அக்கா. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. சாவி கிடையாது."

ரொட்டியை மறுக்க அவளாலும் முடியாதே. முறைத்துக்கொண்டே மென்றாள்.

உலர்ந்த தயிர் உருண்டை கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே விற்பதில் உப்பே இல்லை. கடிதம் கொண்டுவரும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உறைக்குள் இருப்பது இரண்டாவது சாவி. மூன்றாவது கிடையாது. எப்போது வந்தாலும் கதவைத் தட்டாதீர்கள் அம்மா, திறந்துகொண்டு வாருங்கள்.

பெர்மெத்