மசூதி வளைவுக் கரை

கலபுரகி
9.2.2025

அப்பாவுக்கு உமாபதியின் வணக்கம்.

போன் செய்தால் ‘சாப்பிட்டியாப்பா’ என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பாலம் கட்டும் வேலைக்கு நேற்று லீவு. இங்கே கோட்டைக்குள் இருக்கும் ஜும்மா மசூதிக்குப் போனேன். அறுநூறு வருஷத்துக்கு மேல் பழசு. மற்ற மசூதிகளில் திறந்த முற்றம் இருக்கும். இதில் முழுக்கக் கூரை. ஓரத்து நடையில் வளைவுகள் அவ்வளவு அகலம், தாங்கும் தூண்களோ குட்டை. கம்பி இல்லை, கான்கிரீட் இல்லை. அத்தனை பாரத்தையும் எப்படித் தாங்குகிறது என்று, இதையே படித்த நான் வாயைப் பிளந்து நின்றேன். வெளிச்சம் பக்கவாட்டில் நுழைந்து, வளைவுக்கு வளைவு மங்கிக்கொண்டே போகிறது.

ஊருக்கு வந்தபோது, தங்கச்சி முகூர்த்தப் புடவைக்குக் கரை நீயே சொல் என்றீர்கள். இதுதான். நீங்கள் வழக்கமாக நெய்யும் கோபுரத்துக்குப் பதில் இந்த வளைவு. நான் வரைந்த படம் இத்துடன். போனில் அனுப்பினேன், குழலிக்குப் பிடித்துவிட்டது.

உமாபதி

காஞ்சிபுரம்
20.2.2025

சிரஞ்சீவி உமாபதிக்கு ஆசீர்வாதம்.

படம் வந்தது. வளைவு நம் தறியில் சரியாக விழாதுப்பா, படிக்கட்டு மாதிரி உடையும்.

அதோடு, மாப்பிள்ளையின் அப்பா முனிரத்தினம் ஐயம்பேட்டையில் பெரிய மனுஷன். ‘பொண்ணுக்கு என்ன கரை போட்டுக்கினு இருக்கீங்க?’ என்று போன வாரமே கேட்டார். மசூதி என்றால் என்ன சொல்வாரோ. பெண்ணைக் கொடுக்கிறவன் நான்.

அம்மா ஒரு வழி சொல்கிறாள். நெய்துவிடுவோம். கேட்டால், சாமிக்குப் பின்னால் இருக்கும் திருவாசி என்று சொல்லிவிடலாம். பார்க்க அப்படித்தான் இருக்குது.

வெயிலில் தலைக்குத் துண்டு போட்டுக்கொள்.

அப்பா

கலபுரகி
1.3.2025

அப்பாவுக்கு,

மாங்காய் வளைவில்லையா? அன்னத்தின் கழுத்து வளைவில்லையா? அதெல்லாம் உங்கள் தறியில்தானே விழுந்தது. பயம் என்றால் பயம் என்று எழுதுங்கள். பழியைத் தறி மேல் போடாதீர்கள்.

திருவாசி என்று சொல்ல நான் ஒப்பமாட்டேன். உங்கள் டிசைனைப் பக்கத்துத் தெருக்காரர் தன்னுடையது என்று விற்றபோது, கடை வாசலில் நின்று கத்தினீர்களே, மறந்துவிட்டதா? இப்போது நாம் செய்யப் போவது என்ன?

பெயரைச் சொல்ல முடியாதென்றால் நெய்யாதீர்கள். கடையில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போட வேறு ஆளைப் பாருங்கள். நான் வரமாட்டேன்.

உமாபதி

காஞ்சிபுரம்
23.3.2025

உமாபதிக்கு,

நீ வணக்கம் போடவில்லை. நானும் ஆசீர்வாதம் போடவில்லை. ஈடாகிப் போச்சு.

வளைவு விழுந்தது. உடையவில்லை.

நேற்று முனிரத்தினம் நேராகத் தறிக்கே வந்துவிட்டார். கரையைத் தடவிப் பார்த்து, ‘நல்லாக்குதே, திருவாசியா?’ என்று அவரே கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். உன் அம்மா ஜாடை காட்டிக்கொண்டே இருந்தாள்.

‘இல்லீங்க. மசூதி வளைவு. கலபுரகில இருக்குது. என் பையன் பார்த்துட்டு வரைஞ்சு அனுப்பினான்’ என்றேன்.

காபியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்னும் போன் இல்லை. குழலி அழவில்லை. ‘நீ நெய்யிப்பா’ என்கிறாள். புடவை பாதி ஆகிவிட்டது. அறுக்க மாட்டேன்.

மச்சான் மோதிரம் வாங்கி வைத்துவிட்டேன். அதைப் போட மாப்பிள்ளை விரல் வந்தாலும் வராவிட்டாலும், நீ வா.

அப்பா