தலைக்கான செய்தி

ஐப்பசி, வியாழன் இரவு.

திண்டிவனத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, "குழந்தை குப்புறப் படுத்துக்கினு இருக்கு. தலையச் சரியா பாக்க முடியல, நாளைக்கு வாங்க" என்றார். வண்டியில் வரும்போது கணவர் சிரித்தார்: "உன்ன மாதிரியேதான், மூஞ்சியக் காட்டாம பேஜாரு பண்ணுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில்தான் விழுப்புரம் கல்லூரியில் பழ ஈயின் முட்டையைப் பற்றிப் பாடம் எடுத்தேன். தாய் ஈயின் வயிற்றுக்குள் முட்டை வளரும்போதே பக்கத்துச் செல்கள் தலைக்கான ஆர்.என்.ஏ. செய்தியை அதற்குள் அனுப்புகின்றன. அந்தச் செய்தி முட்டையின் முன்முனைக்குப் போய்ச் சேராவிட்டால், அதிலிருந்து வரும் புழுவுக்குத் தலை சரியாக உருவாகாது. மனிதக் கரு அப்படி வளர்வதில்லை. அது எனக்குத் தெரியும்.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "செய்தி போய்ச் சேரலன்னா தாய் ஈக்கு எதனா தெரியுமா மேடம்?"

"தெரியாது. அது நல்லா சாப்ட்டுக்கினு, பறந்துக்கினு இருக்கும்" என்றேன்.

நானும் இன்று நன்றாகத்தான் சாப்பிட்டேன்.