கெலோனில் இறங்க முடியவில்லை

9-4-96, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கிற இரண்டு ஃபேனில் ஒன்று சுற்றவில்லை. காலை வகுப்புக்குப் பதினோரு பேர். வகுப்பு முடிந்ததும் பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றினேன். கை முழுக்க மை.

மதிய இடைவேளை 1 முதல் 2.30. மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர். கலர் மானிட்டர் அது ஒன்றுக்குத்தான். அந்தோணிராஜ் சிங்கப்பூரிலிருந்து கொடுத்தனுப்பிய விண்கப்பல் விளையாட்டு. இனி அ.ரா. என்றே எழுதுவேன். கல்யாணத்துக்கு முன்னால் முழுப் பெயரையும் எழுதிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

இன்றும் இறங்க முடியவில்லை. கெலோன் கிரகம் முதலில் எலுமிச்சை அளவு. அப்புறம் தட்டு அளவு. அப்புறம் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. எந்தக் கீயைத் தட்டினாலும் 'பீப்'. அணைத்துப் போட்டேன். கடைசியாகச் சேமித்தது சனிக்கிழமை. அதற்குப் பிறகு ஓட்டியதெல்லாம் போச்சு.

மீனாள் எட்டிப் பார்த்தாள். பக்கத்து அறையில் டைப்பிங் சொல்லித் தருகிறவள்.

"என்ன ரெஜி, மாப்பிள்ளை சொன்ன ஊருக்கு இன்னும் போய்ச் சேரலையா? அங்குட்டு மனுசன் காத்துக்கிட்டு இருக்காக, இங்குட்டு நீ கீபோர்டைப் போட்டு இந்தக் குத்து குத்துறே."

அவளுக்கு எல்லாம் சிரிப்பு.

தையல்காரரிடம் ரவிக்கை கேட்க மறந்தேன்.

11-4-96, வியாழன்

அ.ரா. கடிதம். நீலத்தாள். வீட்டில் அம்மா பிரிக்காமல் வைத்திருந்தாள், ஆனால் ஓரத்தில் நகம் வைத்துப் பார்த்த அடையாளம்.

"நான் கெலோனில் இறங்கி ஒரு மாதமாகிறது, ரெஜி. ஊதா நிறக் கடல். தண்ணீர்மேல் மிதக்கும் துறைமுகம், வாசலுக்கு வாசல் விளக்கு. நீ அவசரப்படுகிறாய், அதுதான் கோளாறு. உனக்குப் பொறுமை பத்தாது. வேகத்தைக் குறைத்து மெதுவாக இறங்கு. நான் காத்திருக்கிறேன்."

கடைசி இரண்டு வார்த்தையை எத்தனை தரம் படித்தேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

நிச்சயத்தன்று தனியாகப் பேசப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரே விளையாட்டை அங்கே அவர், இங்கே நான். கெலோனில் சந்திப்பது என்று ஒப்பந்தம். பெட்டியும் கையேடும் அவரிடம். அவருடையதிலிருந்து நகலெடுத்த ஐந்து ஃபிளாப்பி என்னிடம். எந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைப்பார் என்று ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை.

விளையாட்டில் இதுவரை பட்டது:

- எரிபொருள் நிரப்பினால் குறைகிறது.
- துறைமுகத்துக்கு வெளியே நின்று அனுமதி கேட்டால், 'ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறீர்கள்' என்று பதில்.
- மற்ற கப்பல்கள் சூரியனுக்குள் புகுந்து மறுபக்கம் வருகின்றன. நான் போனால் சாவு.
- ஒரு வியாபாரியிடம் பேச்சுக் கொடுத்தேன். வாயைத் திறந்தான். திரையில், 'வசனம் பிறகு சேர்க்கப்படும்' என்று இங்கிலீஷில்.
- எட்டாவது முறை சேமித்தால் முந்தைய ஏழும் காலி.

இத்தனையையும் தாண்டி அவர் இறங்கியிருக்கிறார். கோளாறு எனக்குத்தான்.

14-4-96, ஞாயிறு

கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை. பூசை முடிவில் ஃபாதர் எங்கள் பெயர்களை வாசித்தபோது காது சுட்டது. "இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." அம்மா சபையையே ஒரு சுற்று முறைத்தாள், எவர் எழுந்திருக்கிறார் பார்ப்போம் என்கிற மாதிரி.

இன்னும் இரண்டு ஓலை. அவர் மே 3 வருகிறார். கல்யாணம் 9.

மதியம் கறி, வருஷப் பிறப்புக்குப் பக்கத்து வீட்டிலிருந்து மாங்காய்ப் பச்சடி. அப்பா வேலையை விடும் கடிதத்தை எப்போது கொடுக்கப் போகிறாய் என்று கேட்டார். மாதக் கடைசி என்றேன். ஏழு வருஷ வேலை. பரவாயில்லை. அங்கே இரண்டு அறை வீடு தயாராக இருக்கிறது, ஜன்னல் பக்கம் கம்ப்யூட்டர், நீ வந்தால் உனக்குத்தான் என்று அ.ரா. போன மாதமே எழுதியிருக்கிறார்.

16-4-96, செவ்வாய்

அவர் சொன்னபடியே. வேகத்தைக் குறைத்து, இன்னும் குறைத்து, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு. இருபத்திரண்டு நிமிஷம். தட்டு அளவு வந்தது. அதைவிடக் கொஞ்சம் பெரிதாகக்கூட வந்தது! மீனாளைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் நின்றுவிட்டது.

"கரண்டு போச்சா?"

"இல்லை. என் கைதான் சரியில்லை."

அழுகை வந்துவிட்டது. ஒரு விளையாட்டுக்கு அழுகிற வயதா இது? இருபத்தேழு.

தேர்தல் ஆட்டோ தெருவை மூன்று சுற்று சுற்றிக் கத்தியது. தலைவலி.

18-4-96, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை வகுப்பு. ஃபிளாப்பியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எப்படி என்கிற பாடம். கைக்கு எட்டிய ஃபிளாப்பியைச் செருகினேன். விளையாட்டின் ஐந்தாவது ஃபிளாப்பி. கோப்புகளின் பட்டியல் ஓடியது. கடைசியில் ரீட்மீ என்கிற குறிப்புக் கோப்பு. 'எந்த ஃபிளாப்பி வந்தாலும் முதலில் இதைத் திறந்து படிக்க வேண்டும்' என்று ஏழு வருஷமாக ஓதுகிறேன். இன்றும் ஓதினேன். திறந்தேன்.

படிக்கச் சொன்னது பேங்க் நடராஜன் சாரை. ஐம்பது வயது, முதல் வரிசை, எதையும் உரக்கப் படித்துத் தமிழில் அர்த்தமும் சொல்லுவார்.

"கையேட்டின் ஏழாம் அத்தியாயத்தில் விவரித்துள்ள கெலோன் முதலிய கிரகங்கள் இந்த விளையாட்டில் இல்லை. குறித்த நாளுக்குள் முடிக்க முடியவில்லை. அங்கே இறங்க முயன்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். வருந்துகிறோம்." கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இல்லாத ஊருக்கு எதுக்கும்மா புஸ்தகத்துல வழி போட்டாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாடத்தை முடித்தேன்.

இல்லை. கெலோன் இல்லை. யாரும் இறங்கவில்லை, இறங்கவும் முடியாது. ஊதாக் கடல், மிதக்கும் துறைமுகம், விளக்கு, எல்லாம் ஏழாம் அத்தியாயம். கையேட்டைப் பார்த்து எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

அதுகூடப் போகட்டும். உனக்குப் பொறுமை பத்தாது என்றாரே.

செய்தவர்களாவது வருந்துகிறோம் என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள்.

19-4-96, வெள்ளி

வெள்ளிதோறும் ஒன்றரைக்கு அவர் சென்டருக்குப் போன் பண்ணுவார். இன்றும் பண்ணினார்.

"என்ன ரெஜி, எறங்கிட்டியா?"

அவரே சொல்லட்டும் என்று வாய்ப்புக் கொடுக்க நினைத்தேன். வாயில் வேறு ஏதோ வந்துவிட்டது. "எறங்கிட்டேன்."

"பாத்தியா! மெதுவா வந்தா எறங்கிரலாம்னு நாந்தான் சொன்னேன்ல?"

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "துறைமுகத்துல ஒத்தைக் கண்ணு கிழவன் ஒருத்தன் பேரு கேட்டான். உங்ககிட்டயும் கேட்டானா?"

"ஆமா, கேட்டான். உன் பேரைத்தான் சொன்னேன்."

கிழவனும் இல்லை, துறைமுகமும் இல்லை. அந்த நிமிஷம் நான் கட்டிவிட்ட ஆள் அவன். ஆனாலும், உன் பேரைத்தான் சொன்னேன் என்றதும் ஒரு நொடி எனக்குக் குளிர்ந்தது. அந்த ஒரு நொடிக்காக என்மேலேயே ஆத்திரம்.

"வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சாச்சா?" என்று கேட்டேன்.

"அடிச்சாச்சு. இளம்பச்சை. ஒனக்குப் புடிக்கும்."

கிழவனைப் பற்றிச் சொன்ன அதே குரல். துளி வித்தியாசம் இல்லை.

21-4-96, ஞாயிறு

இரண்டாம் ஓலை. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. பெயர் பொருத்தமாக இருக்கிறதாம், ஆளாளுக்குச் சொல்கிறார்கள். சாப்பாடு இறங்கவில்லை.

23-4-96, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். புளி உருட்டிக்கொண்டே கேட்டாள். பாதியில் கை நின்றது, முடிந்ததும் மறுபடி உருட்ட ஆரம்பித்தாள்.

"வெளையாட்டுல ஏதோ சொன்னாருங்கிறதுக்கு இம்புட்டு மொகத்தைத் தூக்கி வச்சிருக்கே? உங்கப்பா பொண்ணு பாக்க வந்தப்ப பீடியைக் கையால தொட்டதே இல்லைன்னாக. கல்யாணத்தன்னைக்கே சட்டைப் பையில கட்டு இருந்துச்சு. நான் என்ன ஓடியா போயிட்டேன்?"

"நீங்க கேட்டப்ப அப்பா என்ன சொன்னாக?"

"ஆமான்னாக. வேற என்ன சொல்லுவாக?"

அதுதானே. கேட்டபோது அப்பா ஆமாம் என்றிருக்கிறார்.

மீனாளிடமும் சொன்னேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "நீ நேராக் கேட்டியா?" என்றாள். இல்லை. நான் பொறி வைத்தேன். நேராகக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கேட்க வேண்டும்.

26-4-96, வெள்ளி

ரவிக்கை வந்தது. கை பிடிக்கிறது.

ஒன்றரை. போன். எழுதி வைத்துக்கொண்டு பேசினேன், இல்லாவிட்டால் குழறும்.

"கெலோன் அந்த வெளையாட்டுலயே இல்லை. ஃபிளாப்பியிலேயே எழுதியிருக்கு."

"அப்ப நீ எறங்குனேன்னு சொன்னது?"

"பொய்."

"பாத்தியா, நீயும்தான்." சிரித்தார். மன்னித்துவிட்ட மாதிரி. "அது பழைய ஃபிளாப்பி ரெஜி. என்கிட்ட இருக்கிறது புதுசு, அதுல எல்லாம் இருக்கு."

"உங்களுதுல இருந்து எடுத்ததுன்னுதானே எழுதுனீக?"

எழுதி வைத்திருந்த அடுத்த வரிக்குப் போனேன்.

"எந்தக் கம்ப்யூட்டர்ல வெளையாடுறீக? ஜன்னல் பக்கத்துல இருக்கே, அதுலயா?"

"அது வாங்கிரலாம்."

"வீடு?"

"எல்லாம் நீ வந்தப்புறம் பாத்துக்கலாம். நான்தான் காத்துக்கிட்டு இருக்கேன்ல?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு அறையில் பத்துப் பேராக இருக்கிறேன், கம்ப்யூட்டரைக் கடை ஜன்னலில்தான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால், பாய் தலையணையோடு போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை. போனை வைத்தேன்.

இரண்டு மணி வகுப்புக்கு லெட்டர் டைப் செய்வது பற்றிய பாடம். நடத்தினேன்.

27-4-96, சனி

மேகம் போட்டது, மழை இல்லை. ஃபாதரைப் பார்க்கப் போனேன். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு வாசிக்கிறீகளே ஃபாதர். பொண்ணே சொல்லலாமா?"

குழாயை மூடிவிட்டு வந்தார். எல்லாம் சொன்னேன். விண்கப்பல், கிழவன், இளம்பச்சைப் பெயின்ட். சொல்லச் சொல்ல எனக்கே சின்ன விஷயம் மாதிரி கேட்டது. அவர் சிரிக்கவில்லை.

"அவர்மேல கோவமாம்மா, பயமா?"

"நம்பிக்கை இல்லை ஃபாதர். அவுக நல்லா இருக்கியான்னு கேட்டாக்கூட, அதுல எது நெசம்னு தேடுவேன்."

"பொண்ணு மனசு இல்லாம நான் தாலியை மந்திரிக்க மாட்டேன். நாளைக்கு உங்க ஓலையை வாசிக்கலை. ஆனா காலைப் பூசைக்கு முன்னாடி அப்பா அம்மாகிட்ட நீயே சொல்லிரணும். அதை நான் செய்ய முடியாது."

சரி என்றேன்.

28-4-96, ஞாயிறு

சொல்லவில்லை. காலையில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார், அம்மா பூ வைத்துவிட்டாள். நடக்கும்போது சொல்லலாம் என்றிருந்தேன். வழியெல்லாம் அம்மா பந்தல்காரர் கதை.

பூசை. கடைசியில் ஓலை. ஃபாதர் என்னை ஒரு தடவை பார்த்தார். வீட்டில் சொல்லியாயிற்று என்பதுபோல நான் தலையசைத்தேன். வேறு இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்தார். தாளை மடித்தார். அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு கிடையாது என்று அறிவித்தார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "நம்மளதை விட்டுட்டாரே. மறந்துட்டாரு போல, இருங்க, நான் போயி..." என்று எழுந்தாள்.

முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "மறக்கலைம்மா" என்றேன்.